ஊட்டிக் குளிரில் பவுண்ட் கேக்

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். சமவெளிக் கணக்கில் செய்த பவுண்ட் கேக் அழகாக உப்பி, அப்புறம் நடுவில் அமுங்கிவிடும். இங்கே காற்றழுத்தம் குறைவு, அதனால் மாவு வெந்து இறுகும் முன்பே உள்ளிருக்கும் வாயு விரிந்துவிடுகிறது. பேக்கிங் பவுடரைப் பாதியாக்கி, சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து, ஓவன் சூட்டை 10 டிகிரி கூட்டினேன். சரியாகிவிட்டது.

வெண்ணெய் வெளியிலேயே இருந்தாலும் கல் மாதிரி கிடக்கும். துண்டுகளாக வெட்டி வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் வைக்கிறேன். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், உருகக் கூடாது.

என்னை ரொம்பப் படுத்தியது கேரமல் ஐசிங்தான். குறிப்பில் சொன்ன 114 டிகிரி வரை காய்ச்சினால் மிட்டாயாக இறுகியது. இங்கே தண்ணீரே ஏறக்குறைய 93 டிகிரியில் கொதித்துவிடுகிறது, அதனால் பாகுப் பதமும் 107 டிகிரியிலேயே வந்துவிடும். தெர்மாமீட்டரைவிடக் கிண்ணத்துத் தண்ணீரையே நம்புகிறேன்: ஒரு சொட்டு விட்டு, விரலில் மெத்தென்ற உருண்டையாகத் திரண்டால் உடனே இறக்கிவிடுவேன். சற்று ஆறியதும் பளபளப்பு மங்கும்வரை அடித்து, சட்டென்று கேக் மேல் ஊற்ற வேண்டும். குளிரில் கெட்டிப்பட்டால் ஒரு கரண்டி சூடான பால் போதும், மறுபடி இளகிவிடும்.