தட்டு அடுக்கை உறுதியான உடுப்பு அலுமாரியாக்குதல்

துண்டுகளாகப் பூட்டும் தட்டு அடுக்குகள் மேலிருந்து இறங்கும் பாரத்தை நன்றாகத் தாங்கினாலும், உடுப்பை இழுத்தெடுக்கும்போது ஏற்படும் பக்கவாட்டு ஆட்டத்தைத் தாங்குவதில்லை. ஆகவே அடுக்கைச் சமதரையில் நிறுத்தி, பின்புறத்தின் இரு மூலைவிட்டங்களும் சமமாக இருப்பதை அளந்து உறுதிசெய்த பின்னர், பின்புறம் முழுவதையும் மூடுமாறு 6 மில்லிமீற்றர் பிளைவூட் பலகையை 15 சென்ரிமீற்றருக்கு ஒன்றாகத் திருகாணியிட்டு இறுக்குங்கள். இதைத் தவிர்த்தால் மற்ற எல்லா வேலையும் பாதிப் பயனையே தரும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, மேற்பகுதியைச் சுவருடன் பிணைக்க வேண்டும். மட்டக்களப்பில் மாரிமழைக் காலத்தில் சுவர் ஈரம் பிடிப்பதால், இடையில் ஒரு மரத்துண்டை வைத்து இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். திருகாணி மரத்துண்டையும் பூச்சையும் கடந்து சீமெந்துக் கல்லுக்குள் நன்றாக இறங்கும் நீளமுடையதாக இருக்கட்டும். சுவரில் துளையிட்டு, திருகாணியைப் பிடித்துக்கொள்ள அதற்குள் செருகும் பிளாஸ்டிக் பிளக் கட்டாயம் தேவை. கடற்காற்று சாதாரண திருகாணியை விரைவில் அரித்துவிடும் என்பதால், சற்று விலை கூடினாலும் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியையே வாங்குங்கள்.

உடுப்புகளைக் குறுக்குக் குழாயில் தொங்கவிட உட்புற ஆழம் ஏறத்தாழ 55 சென்ரிமீற்றர் வேண்டும். அடுக்கு அதைவிட ஒடுக்கமானால், குழாயை முன்புறத்திலிருந்து பின்புறம் நோக்கிச் செல்லுமாறு பொருத்தலாம். மடித்த சேலைகள், போர்வைகள் போன்ற பாரமானவை கீழ்த்தட்டுக்குரியவை.