வெள்ளியிலேயே போடுங்க: மலேசியாவுக்குப் பணம் மாற்றிப் போகும் முறை

மலேசியப் பணமான ரிங்கிட்டை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். அதில் நூறில் ஒரு பங்கான சென் அவர்களுக்குக் காசு. ‘மூணு வெள்ளி அம்பது காசும்மா’ என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டதும் என் மாமியாருக்குப் பாதிப் பயம் போய்விட்டது. பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. 2025 மே விடுமுறையில் கும்பகோணத்திலிருந்து நாங்கள் நான்கு பேர் போய்வந்தோம்.

அதற்கு முன் 2019-ல் நானும் கணவரும் போயிருந்தோம். அப்போது விமானம் ஏறும் நேரத்தில், விமான நிலையக் கவுன்டர் ஒன்றில் பணம் மாற்றினோம். வெள்ளிக்குச் சந்தை விலை 17 ரூபாயை ஒட்டி இருந்தது. எங்களுக்குப் போட்டது 19 ரூபாய் 20 காசு. 1,500 வெள்ளி வாங்கியதில் மூவாயிரத்துக்கு மேல் வீணாகப் போனது. அந்த ஆற்றாமையில் விசாரித்துக் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். அன்றைய விலையைக் கூகுளில் பாருங்கள். அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். ஆனால் யார் எவ்வளவு கூட்டிச் சொல்கிறார்கள் என்று அளக்க அது வேண்டும். பிறகு ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பணமாற்று நிறுவனங்கள் இரண்டு மூன்றுக்கும் உங்கள் வங்கிக்கும் போன் போடுங்கள். ‘ரேட் என்ன?’ என்று மட்டும் கேட்காதீர்கள். ‘எனக்கு 2,000 வெள்ளி வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்து நான் எத்தனை ரூபாய் தரவேண்டும்?’ என்று கேளுங்கள்.

இந்தக் கேள்வியின் பலனை நேரிலேயே பார்த்தேன். சந்தை விலை 20 ரூபாயை ஒட்டி இருந்த நாள் அது. ஒரு கடை வெள்ளிக்கு 20.45 சொன்னது, இன்னொன்று 20.60. முதல் கடைதான் மலிவு என்று கணவர் கிளம்பிவிட்டார். மொத்தத் தொகையைக் கேட்டபோதுதான் அங்கே 350 ரூபாய் சேவைக் கட்டணம் உண்டு என்று வெளியே வந்தது. 40,900-உம் 350-உம் சேர்ந்து 41,250. இரண்டாவது கடையில் 41,200-தான். வித்தியாசம் ஐம்பது ரூபாய்தான், ஆனால் பலகையில் இருக்கும் எண்ணை நம்பக் கூடாது என்பது மனதில் பதிந்துவிட்டது. ‘கமிஷன் இல்லை’ என்று எழுதியிருக்கும் இடத்தில் கமிஷன் ரேட்டுக்குள்ளேயே இருக்கும். இரண்டு இடத்திலும் இதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு. ஒரு லட்சம் வரை மாற்றினால், தொகையில் ஒரு சதவீதத்தை எடுத்து அதற்கு 18 சதவீதம் போடுவார்கள். எங்களுக்கு 74 ரூபாய் வந்தது.

பாஸ்போர்ட், பான் கார்டு, விமான டிக்கெட் மூன்றும் கேட்பார்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாகக் கொடுக்க முடியாது, வங்கிக் கணக்கிலிருந்துதான் தரவேண்டும். மலேசியா போன்ற நாடுகளுக்கு ஒரு பயணத்தில் ஒருவர் நோட்டாக 3,000 டாலர் மதிப்பு வரைதான் வாங்கலாம். குடும்பச் சுற்றுலாவுக்கு அவ்வளவு தேவைப்படாது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

நோட்டுகளைக் கவுன்டரிலேயே எண்ணுங்கள். கிழிந்தது, பேனாவால் எழுதியது இருந்தால் அங்கேயே மாற்றிக்கொள்ளுங்கள். முழுக்க ஐம்பதும் நூறுமாக நீட்டுவார்கள். 1, 5, 10 வெள்ளித் தாள்கள் இருந்தால் கேட்டு வாங்குங்கள். எல்லா நோட்டிலும் மலேசியாவின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் படம்தான், அதனால் படத்தை வைத்து அடையாளம் காண முடியாது. 5 வெள்ளி பச்சை, 50 வெள்ளியும் பச்சையும் நீலமும் கலந்த நிறம். பத்துமலையில் பூ வாங்க மாமியார் ஐந்து என்று நினைத்து ஐம்பதை நீட்டினார். பூக்கார அம்மாள், ‘பாட்டி, இது அம்பது’ என்று திருப்பிக் கொடுத்தார். 5 வெள்ளி வழவழவென்று பிளாஸ்டிக் தாள், 50 காகிதம். விரலால் தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன், பிறகு அவருக்குத் தவறவே இல்லை.

எங்கள் ஐந்து நாளுக்கு 2,000 வெள்ளி ரொக்கம் போதுமாக இருந்தது. கோயில், மாமாக் கடை என்று அங்கே சொல்லும் தமிழ் முஸ்லிம் உணவகச் சாப்பாடு, மார்க்கெட், கழிப்பறைச் சில்லறை இதற்கெல்லாம் ரொக்கம்தான். ஹோட்டலுக்கும் பெரிய கடைகளுக்கும் கார்டு. ஊரில் போல ஜிபேயை நம்பிப் போகாதீர்கள். ஒரு அறைக்கு ஒரு இரவுக்கு 10 வெள்ளி என்று வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி உண்டு. முன்பதிவுத் தொகையில் அது சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் தனியாக எடுத்து வையுங்கள்.

கார்டில்தான் அதிகக் கவனம் வேண்டும். சாதாரண டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை மார்க்அப் என்று கூடுதல் கட்டணம் பிடிப்பார்கள், அதற்கு ஜிஎஸ்டியும் சேரும். பத்தாயிரம் ரூபாய்ச் செலவுக்கு 413 ரூபாய் அப்படியே போகும். வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு போகும் போரெக்ஸ் கார்டு எடுப்பதானால், அதில் ரிங்கிட் ஏற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். எல்லாக் கார்டிலும் இருக்காது. டாலர் ஏற்றிக்கொண்டு போய் வெள்ளியில் செலவழித்தால் இரண்டு முறை மாற்றம் நடக்கும், இரண்டிலும் நமக்குத்தான் நஷ்டம். நான் மார்க்அப் இல்லாத டெபிட் கார்டு ஒன்றை எடுத்துப் போனேன். எந்தக் கார்டானாலும் வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நாமே திறக்க வேண்டும். 2020 முதல் ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டுமே திறந்த நிலையில் வருகின்றன. அங்கே போய்த் திறக்கலாம் என்று விட்டால், ஓடிபி வரும் சிம் ரோமிங்கில் இல்லாமல் தவிப்பீர்கள்.

இனி நான் மிகவும் அழுத்திச் சொல்ல நினைப்பது. கடையில் கார்டைச் செருகியதும் மெஷினில் இரண்டு வரி வரலாம்: ஒன்று ரிங்கிட்டில், ஒன்று ரூபாயில். ரூபாய் நமக்குப் பழகியது என்று அதை அமுக்கத் தோன்றும். 2019-ல் 300 வெள்ளிக் கைப்பைக்கு அப்படித்தான் அமுக்கினேன். 5,100 ரூபாய் சுமாருக்கு முடியவேண்டியது 5,480 ஆனது. ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரர் வைத்த ரேட்டுக்குக் கட்டுப்படுகிறோம். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும். இந்த முறை கோலாலம்பூரில் லிட்டில் இந்தியா எனப்படும் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடை அண்ணன் ரூபாய் வரியில் விரலை வைக்கப் போனார். ‘அண்ணே, வெள்ளியிலேயே போடுங்க’ என்றேன். ‘தெரிஞ்சு வந்திருக்கீங்க’ என்று சிரித்துவிட்டு மாற்றிப் போட்டார். கடைக்காரர் தானே அமுக்கிவிட்டால் கூச்சப்படாமல் ரத்து செய்யச் சொல்லி, மறுபடி போடச் சொல்லுங்கள்.

திரும்பும்போது நாணயங்களை அங்கேயே செலவழித்துவிடுங்கள், ஊரில் யாரும் மாற்றித் தரமாட்டார்கள். மீந்த நோட்டில் 2,000 டாலர் மதிப்பு வரை நாமே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் இருந்தால் திரும்பிய 180 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். விற்றால் கடைக்காரர் வாங்கும் குறைந்த விலைதான் கிடைக்கும், இன்னொரு நஷ்டம். எங்களிடம் மீந்த 60 வெள்ளியை மாமியார் பத்துமலைத் திருநீற்றுப் பொட்டலத்தோடு பீரோவில் வைத்திருக்கிறார், அடுத்த தைப்பூசத்துக்கு என்று.