கூத்துப் பழக்க அரச காசு கேட்பது எப்படி

இலங்கையின் திருகோணமலையில் நாடகமும் அரங்கியலும் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். மூதூரிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் இளம் ஆசிரியர்கள் கேட்பது ஒன்றைத்தான்: "டீச்சர், பிள்ளைகளுக்குக் கூத்துப் பழக்கக் காசுக்கு எங்கே போவது?"

முதலில் பிரதேச செயலகத்துக்கு. அங்குள்ள கலாசார உத்தியோகத்தரிடம் உங்கள் கூத்து மன்றத்தைப் பதியுங்கள். யாப்பு (மன்றத்தின் விதிகள்), நிர்வாகக் குழு, கூட்டக் குறிப்புப் புத்தகம், மன்றத்தின் பெயரில் வங்கிக் கணக்கு எல்லாம் தயாராக இருக்கட்டும். அப்புறம் மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம். கிழக்கு மாகாணத் தலைநகர் நம் திருகோணமலை என்பதால் நேரிலேயே போய்க் கேட்கலாம், மட்டக்களப்பாருக்கு இந்தச் சுகம் இல்லை.

"கூத்து அழிகிறது, காப்பாற்றுங்கள்" என்று கடிதத்தைத் தொடங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். எத்தனை பிள்ளைகள், கூத்தின் இரு பாணிகளில் வடமோடியா தென்மோடியா, சட்டம் கொடுப்பது (ஆடுபவர்களுக்குப் பாட்டு ஏட்டைக் கொடுப்பது) எப்போது, அரங்கேற்றம் எப்போது என்று எழுதுங்கள். பயன் என்னவென்று கேட்டால், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை மத்தள அடிக்கு ஆடிக்கொண்டே தரு என்கிற கூத்துப் பாட்டு முழுவதையும் பாடுவதைச் சொல்லுங்கள். நான் கண்ணால் கண்டது அது.

செலவு மதிப்பீட்டில்தான் விஷயமே இருக்கிறது. மேடை, ஒலிபெருக்கி, பொன்னாடை என்று எழுதிவிட்டு, கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரை மறந்துவிடுகிறார்கள். முதல் வரி அவருடைய கொடுப்பனவாக இருக்கட்டும், மாதக்கணக்கில் பழக்குகிறவர் அவர்தானே. அடுத்து மத்தளக்காரர், சல்லரி (தாளம்), சதங்கை, பிள்ளைகளின் தேநீர், பஸ் காசு. பொன்னாடை கடைசி வரி. வெட்டுவதென்றால் அதை வெட்டட்டும்.

கேட்கக் கூச்சம் வேண்டாம், வரி கட்டுகிறோம். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தலைவராக இருந்தபோது கூத்துக்கும் அண்ணாவிமாருக்கும் அரச ஆதரவு கிடைத்தது. 1960களில் அவர் 'இராவணேசன்' கூத்தைப் போட்டதும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டுதான். நம் கோணேசர் மலைப் பாறையில் 'இராவணன் வெட்டு' என்கிற பிளவை வைத்துவிட்டுப் போனதாகக் கதை சொல்லும் அதே இராவணன்!

அரசின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும். காசு பிந்தித்தான் வரும், அதற்குள் மாரியும் வந்துவிடும். ஆகவே கடிதத்தை முந்திய ஆண்டின் நடுப்பகுதியிலேயே கொடுத்து, அரங்கேற்றத்தைச் செப்டெம்பருக்குள் வைக்கப் பாருங்கள். மழையில் வட்டக்களரி, அதாவது கூத்தாடும் வட்ட மேடை, போட முடியாது.

சதங்கை செய்து தருகிறவரிடமும் மத்தளக்காரரிடமும் அச்சடித்த பில் இருக்காது. கையெழுத்தும் அடையாள அட்டை இலக்கமும் உள்ள பற்றுச்சீட்டு போதுமா என்று உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். முடிந்ததும் படங்களோடும் பிள்ளைகளின் வரவுப் பதிவோடும் அறிக்கை கொடுங்கள். அடுத்த ஆண்டுக் கடிதத்தோடு அதன் பிரதியையும் இணைக்கலாம்.