சென்னையில் முதல் வீடு: முன்பணத்துக்கு அரசு உதவி எப்போது கைக்கு வரும்?

என் தங்கை சென்ற ஆண்டு ஆவடிப் பக்கம் 28 லட்சம் ரூபாய்க்கு ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தாள். நோட்டில் அழகாகக் கணக்குப் போட்டிருந்தாள்: சீட்டுப் பணம், நகைக்கடன், அடுத்த வரியில் ‘அரசு மானியம் 1,80,000’. அந்த மூன்றாவது வரியைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. அந்தப் பணம் உண்மை, அவளுக்கு அதில் தகுதியும் உண்டு. ஆனால் பத்திரப் பதிவு நாளன்று அதில் ஒரு ரூபாய்கூட அவள் கையில் இருக்காது.

அமெரிக்காவின் பல நகரங்களில் வருமானம் குறைந்த குடும்பத்துக்கு உள்ளாட்சியே முன்பணத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. சென்னை மாநகராட்சியில் அப்படி ஒரு திட்டம் கிடையாது. இங்கே உதவி வேறு வழிகளில் வருகிறது. எந்த உதவி வாங்குவதற்கு முன் வரும், எது பின் வரும் என்று தெரியாமல் முன்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: வருமானப் பிரிவைக் கண்டுபிடியுங்கள்

பிரதமரின் வீட்டு வசதித் திட்டம் 2.0 (பி.எம்.ஏ.ஒய். நகர்ப்புறம்) 2024 செப்டம்பர் 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை என்றால் பொருளாதாரத்தில் நலிந்த பிரிவு. 3 முதல் 6 லட்சம் வரை குறைந்த வருமானப் பிரிவு. 6 முதல் 9 லட்சம் வரை நடுத்தர வருமானப் பிரிவு. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் சேர்ந்ததுதான் குடும்பம். ஆகவே ஒருவர் சம்பளத்தை மட்டும் காட்டி மற்றவருடையதை மறைக்காதீர்கள்.

இந்தியாவில் எங்கும் குடும்பத்தில் யார் பெயரிலும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. “ஊரில் அப்பா வீடு இருக்கிறதே?” என்று கேட்பார்கள். நீங்கள் திருமணமாகித் தனிக் குடும்பமாக இருந்து, அந்த வீடு அப்பா பெயரிலேயே இருந்தால் அது தடையாகாது. பாகப்பிரிவினையில் உங்கள் பெயருக்கு வந்துவிட்டிருந்தால் தடைதான். கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருந்தாலும் வாய்ப்பு இல்லை.

இரண்டாம் படி: வழியைத் தேர்ந்தெடுங்கள்

வருமானம் 3 லட்சத்துக்குள் என்றால் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் குடியிருப்புகளை முதலில் விசாரியுங்கள். 1970-ல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம்தான் 2021-ல் இந்தப் பெயருக்கு மாறியது. அலுவலகம் சேப்பாக்கம் காமராஜர் சாலையில் இருக்கிறது. இந்த வழியில் ஒரு வீட்டுக்கு மத்திய அரசு 1.50 லட்சம் தருகிறது, மாநில அரசு தன் பங்கைச் சேர்க்கிறது. இரண்டும் வீட்டின் விலையிலேயே கழிந்துவிடும். மீதி, பயனாளி பங்குத் தொகையாக உங்களிடம் கேட்கப்படும். முன்பணச் சுமையை உண்மையாகவே குறைக்கும் வழி இதுதான் என்பது என் கருத்து. ஆனால் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் பள்ளி எவ்வளவு தூரம், வேலைக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்று பார்க்காமல் விலையை மட்டும் பார்த்து ஒப்புக்கொண்டு, பிறகு வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய வாடகை வீட்டுக்கே திரும்பிய குடும்பங்களை நான் அறிவேன்.

வீட்டில் யாராவது கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் அதையும் விடாதீர்கள். கொத்தனார், சித்தாள், பெயின்டர், எலக்ட்ரீஷியன் எல்லோரும் இதில் வருவார்கள். சொந்த மனையில் வீடு கட்டவோ வாழ்விட வாரியத்தின் ஒதுக்கீட்டு வீட்டைப் பெறவோ அந்த வாரியத்தில் 4 லட்சம் ரூபாய் வரை உதவித் திட்டம் இருக்கிறது. தொழிலாளர் அட்டையைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டு இந்த வாய்ப்பைக் கோட்டைவிடுபவர்கள் பலர்.

வருமானம் 9 லட்சம் வரை உள்ள எல்லோருக்கும் பொதுவானது வட்டி மானியம். வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கடனின் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், 12 ஆண்டுக் காலம் வரை கணக்கிடப்படும். அதிகபட்சம் 1.80 லட்சம். அது ஐந்து ஆண்டுத் தவணைகளாக, அதிகபட்சம் 36,000 வீதம், கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். கையில் தரமாட்டார்கள். தங்கையின் நோட்டில் அந்த மூன்றாவது வரியை நான் அடித்ததற்குக் காரணம் இதுதான்.

மூன்றாம் படி: கைப்பணக் கணக்கு

தங்கையின் 28 லட்சத்தையே எடுத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வங்கி 90 சதவீதம் வரை கொடுக்கலாம். 28-க்கு 90 சதவீதம் 25.20 லட்சம். இங்கேதான் கவனம் தேவை: 25 லட்சத்தைத் தாண்டினால் மானியத் தகுதி போய்விடும். அந்த 20,000 ரூபாய்க்காக 1.80 லட்சத்தை இழக்காதீர்கள். 25 லட்சத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் வீட்டு விலையில் உங்கள் பங்கு 3 லட்சம். பதிவுச் செலவை வங்கி பொதுவாக வீட்டு விலையோடு சேர்க்காது, அதுவும் உங்களுடையதே. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 1.68 லட்சம். கட்டி முடியாத வீடு என்றால் குறைந்த விலை வீடுகளுக்கான 1 சதவீத ஜி.எஸ்.டி. 28,000. எல்லாம் சேர்த்து 4.96 லட்சம். வங்கியின் சட்ட ஆய்வுக் கட்டணமும் சேர்ந்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டும்.

அதே விலைக்குப் பழைய வீடு வாங்கினால் தீர்வை 7, பதிவு 2, மொத்தம் 9 சதவீதம். பதிவுக்கு மட்டும் 2.52 லட்சம் போகும். பழைய வீடு மலிவு என்று நினைப்பவர்கள் இந்த வித்தியாசத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். பிடித்தம் இருந்தால், கந்துவட்டிக்கும் நகை அடகுக்கும் போகும் முன் அந்தச் சேமிப்பிலிருந்து வீட்டுக்காக எடுக்க முடியுமா என்று கேளுங்கள். உங்கள் சொந்தப் பணம், வட்டி இல்லை.

நான்காம் படி: பெயர்களைச் சரிசெய்யுங்கள்

இதற்கு ஒரு வாரமாவது ஒதுக்குங்கள். நம் ஊரில் ஒருவருக்கே நான்கு பெயர். ஆதாரில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், வங்கிப் புத்தகத்தில் கணவர் பெயரின் தலைப்பெழுத்து இருக்கும். தமிழில் ஒரே எழுத்தாக இருப்பது ஆங்கில எழுத்துக்கூட்டலில் மூன்று விதமாக விழும். தங்கையின் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்ததற்கு இதுவே காரணம். அவளுக்கு அது தன் தவறு என்று தோன்றி அழுதுவிட்டாள். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், பிறகு மற்றவற்றை அதற்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரோடு இணைந்த கைபேசி எண் உங்களிடமே இருக்க வேண்டும், ஒருமுறை கடவு எண் (ஓ.டி.பி.) அதில்தான் வரும்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போகும். ஓராண்டுக்குச் செல்லும்.

வீட்டைக் குடும்பத் தலைவியின் பெயரிலோ கூட்டாகவோ பதிவு செய்யும்படி திட்டமிடுங்கள், திட்டமும் அதையே கேட்கிறது.

ஐந்தாம் படி: முன்பணம் கொடுக்கும் முன்

கட்டுமானத் திட்டம் ரெராவில் (வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்பது ரெரா சட்டத்தின் 13-வது பிரிவு. 28 லட்சத்துக்கு அது 2.80 லட்சம். தங்கையிடம் ஒரு கட்டுநர் ‘இடத்தைப் பிடித்து வைக்க’ 5 லட்சம் கேட்டார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறை இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பட்டாவையும் பிரிபடாத பாகத்தின் (அடுக்குமாடி நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு) அளவையும் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

ஆறாம் படி: விண்ணப்பம்

பி.எம்.ஏ.ஒய். இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். குடும்பத்தார் அனைவரின் ஆதார் எண்களையும் தர வேண்டும். விண்ணப்ப எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, வங்கியில் கடன் கேட்கும்போதே “வட்டி மானியத்தில் சேர்க்க வேண்டும்” என்று எழுத்தில் கொடுங்கள். ‘மானியம் வாங்கித் தருகிறேன், பத்தாயிரம் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் கதவைச் சாத்துங்கள்.

கடன் வந்த பிறகு ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஒவ்வொரு தவணையும் வரும்போது கடன் கணக்கு நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் நிலுவை இருக்க வேண்டும். கையில் பணம் வந்ததும் பெரிய தொகையாகக் கட்டி அசலைப் பாதிக்குக் கீழே இறக்கிவிட்டால் மிச்சத் தவணை வராது. தங்கை தன் அடுத்த சீட்டுப் பணத்தை அதனால் தனியாக வங்கி வைப்பில் போட்டு வைத்திருக்கிறாள், ஐந்தாவது தவணை வரவாகும் நாளுக்காக.