புதிய பேட்ச் குழுவில் சேரும்போது நம் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் எங்கள் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பிளஸ் டூ முடிவு வருவதும் இந்த நாள்களில்தான். வீட்டில் வரும்படி இல்லாத நேரம் பார்த்து விண்ணப்பக் கட்டணம், சான்றிதழ் செலவு, கல்லூரிக்கு முன்பணம் என்று எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். தங்கச்சிமடத்தில் நான் நடத்தும் சின்ன பிரவுசிங் சென்டரில் மே, ஜூன் இரண்டு மாதமும் பெஞ்சு காலியாக இருக்காது. வருகிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் ஃபோனை நீட்டி ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, குரூப்ல இப்படிப் போட்டிருக்காங்க, உண்மையா?"

குரூப் என்றால் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ இருக்கும் புதிய மாணவர்களின் குழு. கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கும்போதே அதற்கான இணைப்பு வந்துவிடுகிறது. அதில் சேராதே என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கப்போகிற பிள்ளைக்கு, விடுதியில் சாப்பாடு எப்படி, எந்தச் சான்றிதழுக்கு எத்தனை நகல் என்று கேட்க வேறு ஆள் யார் இருக்கிறார்கள்? ஆனால் அதே குழுவில் வருடா வருடம் சில தவறுகளால் பிள்ளைகள் பணத்தையும் இடத்தையும் நிம்மதியையும் இழப்பதைப் பார்க்கிறேன்.

முதல் தவறு, அந்தக் குழுவைக் கல்லூரியே நடத்துகிறது என்று நம்பிவிடுவது. கல்லூரியின் முத்திரையை இணையத்தில் எடுத்து, பெயரைப் போட்டு ஒரு குழுவைத் தொடங்க இரண்டு நிமிடம் போதும். போன வருடம் ஒரு தம்பி மூன்று கல்லூரிகளின் புதிய பேட்ச் குழுக்களில் சேர்ந்திருந்தான். மூன்றிலும் அட்மின் எண்ணைப் பார்க்கச் சொன்னேன். ஒரே எண். அழைத்தால், தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கித் தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்ட் பேசினார். உண்மையான வகுப்புக் குழு பெரும்பாலும் சேர்க்கை முடிந்த பிறகு ஆசிரியர் ஒருவரால் தொடங்கப்படும். அதற்கு முன் வருகிற எதையும் கல்லூரியின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேட்டுவிடுங்கள். குழுவில் யாரோ தருகிற 'ஆபீஸ் நம்பர்' வேண்டாம்.

புயல் வருகிறது என்று கரையில் நூறு பேர் நூறு விதமாகச் சொல்வார்கள். பாம்பன் துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள், மீன்வளத்துறை டோக்கன் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தானே நம் ஆட்கள் படகை எடுக்கிறார்கள். சேர்க்கைக்கும் அப்படிக் கூண்டு இருக்கிறது. பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் கலந்தாய்வு இணையதளம், அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு அவற்றுக்கென்றே உள்ள சேர்க்கை இணையதளம். தேதி, கட்டணம், இட ஒதுக்கீடு இந்த மூன்றையும் அங்கே பார்த்தால்தான் உறுதி.

அடுத்தது, ஒதுக்கீட்டு ஆணையைப் படம் பிடித்துக் குழுவில் போடுவது. மண்டபத்துப் பெண் ஒருத்தி, என் கடையில்தான் ஆணையைப் பிரின்ட் எடுத்தாள். சந்தோஷத்தில் கை நடுங்கியது. அங்கேயே படம் எடுத்துக் குழுவில் போட்டாள். நூறு வாழ்த்து வந்தது. சாயங்காலத்துக்குள் முன்பின் தெரியாத இரண்டு பேர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். விண்ணப்ப எண், தரவரிசை, கிடைத்த பாடப்பிரிவு எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டு, "சான்றிதழ் சரிபார்ப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது, ஓடிபி சொல்லுங்கள்" என்றார்கள். அவள் ஃபோனை வைத்துவிட்டு ஓடி வந்தாள். எல்லோருக்கும் அந்த நிதானம் வராது. இடம் கிடைத்ததைச் சொல்ல வேண்டுமென்றால் ஒரு வரி எழுதினால் போதும். ஆணை, மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல் எதுவும் குழுவுக்குப் போகக்கூடாது. கடவுச்சொல்லையும் ஓடிபியையும் 'அண்ணன் சாய்ஸ் போட்டுத் தருகிறேன்' என்கிற சீனியருக்கும் கொடுக்கக்கூடாது. விருப்பப் பட்டியலை வேறொருவர் மாற்றிவிட்டால், பிறகு அழுது பயனில்லை.

பணம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் நிறைய வீடுகளில் வாப்பா வளைகுடாவில் இருக்கிறார். பிள்ளை குழுவில் வந்த செய்தியை அப்படியே அவருக்குத் தட்டிவிடுகிறான்: 'விடுதியில் 20 இடம்தான் பாக்கி, இன்று இரவுக்குள் 5,000 அனுப்பினால் உறுதி.' அவர் வேலை முடிந்து வந்த அசதியில், பிள்ளை படிப்பு கெட்டுவிடக் கூடாதே என்று உடனே அனுப்பிவிடுகிறார். இப்படிப் பணத்தை இழந்த ஒரு வீட்டைப் பார்த்திருக்கிறேன். விடுதிக் கட்டணத்தைத் தனி நபரின் எண்ணுக்கு எந்தக் கல்லூரியும் வாங்காது. கல்லூரியின் பெயரில் உள்ள கணக்குக்குச் செலுத்தி, ரசீது வாங்க வேண்டும். 'இன்று இரவுக்குள்' என்று அவசரப்படுத்தினாலே சந்தேகப்படுங்கள்.

இன்னொரு வகை, அரசுத் திட்டத்தின் பெயரைச் சொல்லி வருவது. 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும் 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. 'பதிவுக் கட்டணம் 300 போடுங்கள், வாங்கித் தருகிறோம்' என்று குழுவில் எண் வரும். இந்தத் திட்டங்களுக்குக் கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், யாருக்கும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை. உதவித்தொகை வந்திருக்கிறது, கியூஆரை ஸ்கேன் செய்து யுபிஐ பின் (PIN) எண்ணைப் போடுங்கள் என்றால் அது திருட்டேதான். பின் எண் போடுவது பணம் அனுப்புவதற்கு. பணம் வாங்க அது தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைத்து வைக்காதீர்கள். உடனே சைபர் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் சொன்னால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு இருக்கிறது. அம்மா திட்டுவார் என்ற பயத்தில் ஒரு தம்பி மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. எனக்கு இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது.

பொறியியல் கட்-ஆஃப் பற்றிய வதந்தி சத்தமில்லாமல் கெடுக்கும். '175-க்குக் கீழே அந்தக் கல்லூரியில் கிடைக்கவே கிடைக்காது' என்று யாரோ எழுதுவார். அதைப் படித்துவிட்டு 160 எடுத்த பிள்ளை அந்தக் கல்லூரியைப் பட்டியலிலேயே சேர்க்காமல் விடுகிறாள். கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்கிடுகிற மதிப்பெண் அது. ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி, பாடப்பிரிவுக்குப் பாடப்பிரிவு, வகுப்புவாரி இட ஒதுக்கீட்டுக்குத் தகுந்தபடி அது வேறு வேறாக முடியும். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் தனி. 2021-இல் பொறியியல், மீன்வளம், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளுக்கு அது வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. குழுவில் முதலில் சத்தமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தனியார் பள்ளியில் படித்தவர்கள். இது அவர்களுக்குத் தெரிவதில்லை. 'எல்லோரும் கட்டித்தான் ஆகணும்' என்கிறார்கள். நம் பிள்ளையும் நம்பிவிடுகிறது.

'மேல்நோக்கிக் காத்திருப்பு போடாதே, இருக்கிற சீட்டும் போயிடும்' என்பதும் ஒவ்வொரு வருடமும் வருகிறது. கிடைத்த இடத்தை ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருந்தால், மேலே கிடைக்காதபோது கையில் உள்ள இடம் அப்படியே இருக்கும். மேலே கிடைத்துவிட்டால் பழையது தானாகப் போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால் நிஜமாகவே விரும்பும் கல்லூரி மேலே இருந்தால் மட்டும் காத்திருங்கள். இதற்கு அரசின் சேர்க்கை சேவை மையத்தில் நேரில் கேட்கலாம், காசு கேட்க மாட்டார்கள்.

தனியார் கல்லூரியில் பணம் கட்டிய பிறகு வேறு இடம் கிடைத்தவர்களிடம் 'கட்டின காசு கட்டினதுதான்' என்பார்கள். 2024-25 கல்வியாண்டுக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) அறிவித்தது வேறு: செப்டம்பர் 30-க்குள் விலகினால் முழுக் கட்டணமும், அக்டோபர் 31-க்குள் விலகினால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியும் திருப்பித் தர வேண்டும். நீங்கள் சேரும் வருடத்துக்கான அறிவிப்பைப் பாருங்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைப்பதையும் யுஜிசி தடுத்திருக்கிறது.

சீனியர் குழுவுக்கு வருவோம். புதியவர்களைத் தனிக் குழுவில் சேர்த்து, "ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் குரல் பதிவில் பாட்டுப் பாடு", "சொன்னபடி செய்யாவிட்டால் உன்னோடு யாரும் பேச மாட்டார்கள்" என்று மிரட்டுவது நடக்கிறது. பிள்ளைகள் இதை விளையாட்டு என்று நினைத்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஜூனியர்களைத் துன்புறுத்த இப்படி வாட்ஸ்அப் குழு தொடங்குவதும் ராகிங்தான் என்று 2025-இல் யுஜிசி சொல்லியிருக்கிறது. 1996-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ மாணவர் நாவரசு மூத்த மாணவரால் கொல்லப்பட்ட பிறகுதான், 1997-இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய விலை கொடுத்து வந்த சட்டம் அது. செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஊர் பேச்சைக் கேலி செய்வதும், "மீன் வாடை அடிக்குது" என்று எழுதுவதும் உண்டு. அதற்குப் பயந்து தன் ஊர் பாம்பன் என்று சொல்லாமல் மதுரை என்று சொன்ன பிள்ளையை எனக்குத் தெரியும். அதேபோல் "எந்த ஊர்" என்பதோடு நிறுத்தாமல் "எந்தத் தெரு, யார் வகையறா" என்று தோண்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். அந்தக் கேள்வி போய் நிற்கிற இடம் சாதிக் குழுதான். சேர்ந்துவிட்டால் நான்கு வருடமும் நண்பர்களை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது, அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

பெண் பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். முகப்புப் படத்தை உங்கள் தொடர்பில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றுங்கள். குழுக்களில் உங்களை யார் சேர்க்கலாம் என்ற அமைப்பும் அங்கேயே இருக்கிறது. யாராவது தொந்தரவு செய்தால் வீட்டில் சொல்வதற்குப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், ஏனென்றால் முதலில் பிடுங்கப்படுவது ஃபோன். சில வீடுகளில் படிப்பே நின்றுவிடுகிறது. பெற்றோரிடம் கைகூப்பிக் கேட்கிறேன், தப்பு செய்தவனைப் பிடியுங்கள், பிள்ளையின் ஃபோனைப் பிடுங்காதீர்கள்.

அப்புறம், பயந்துகொண்டு வாயே திறக்காமல் இருப்பதும் தவறுதான். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இது அதிகம். ராமேஸ்வரத்திலிருந்து தினம் வந்து போக முடியுமா, முதல் பஸ்ஸில் ஏறினால் முதல் வகுப்புக்கு எட்டுமா என்பதைப் போன வருடம் அந்தப் பஸ்ஸில் போன அக்காதான் சொல்ல முடியும், எந்த இணையதளமும் சொல்லாது. இந்த மாதிரிக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்.

கடைசியாக ஓடிபி. விண்ணப்பத்தில் அப்பாவின் எண்ணைக் கொடுப்பது இங்கே வழக்கம். தடைக்காலம் முடிந்து படகுகள் போகத் தொடங்கிய பிறகுதான் கலந்தாய்வு சூடு பிடிக்கும். அப்பா ஃபோனோடு கடலில் இருப்பார், டவர் இருக்காது. தனுஷ்கோடிப் பக்கமோ இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும். சாய்ஸை உறுதி செய்யும் நாளில் ஓடிபி வராமல் ஒரு பிள்ளை என் பெஞ்சில் விடியும்வரை உட்கார்ந்திருந்தாள். இந்த வருடம் அவள் தம்பிக்கு விண்ணப்பிக்க அந்த அப்பாவே வந்தார். முதல் வேலையாகத் தன் சிம்மைக் கழற்றி மகன் ஃபோனில் போட்டார். பழைய பட்டன் ஃபோனில் வேறு சிம் போட்டு, அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு துறைக்குப் போனார்.