மேய்தல், இரை தேடுதல், ஆய்தல்: எந்த உயிருக்கு எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் 'ஃபோரேஜ்' என்ற ஒரே சொல், மாடு புல் தின்பதற்கும், தேனீ பூக்களை நாடிச் செல்வதற்கும், மனிதர் காட்டில் கிழங்கும் பழமும் தேடுவதற்கும், பைக்குள் கையை விட்டுச் சாவியைத் தேடுவதற்கும் வரும். பெயர்ச்சொல்லாக நின்றால் அதுவே கால்நடைத் தீவனத்தையும் குறிக்கும். தமிழில் இவை அனைத்தையும் தாங்கும் ஒரு சொல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. அகராதியில் முதலில் கண்ணில் படும் 'இரை தேடு' என்பதையே எல்லா இடத்திலும் வைத்துவிடுவதால்தான் பாடசாலைக் கட்டுரைகளிலும் சுற்றாடல் கையேடுகளிலும் மொழிபெயர்ப்புகளிலும் பிழை நேர்கிறது. அவற்றை எழுதுவோருக்கு உதவும் என்று, மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நாம் நாள்தோறும் கேட்கும் சொற்களைக் கொண்டே இதை எழுதுகிறேன்.

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, உணவைத் தேடுவது மனிதரா, விலங்கா என்பதே. சில ஆண்டுகளுக்கு முன்னர், வாகரைப் பக்கத்து வேடர் சமூகத்தைப் பற்றிய சிறு குறிப்பொன்றைத் தமிழாக்கியபோது, 'முன்னோர் காட்டில் இரை தேடி வாழ்ந்தனர்' என்று எழுதிவிட்டேன். அதைப் படித்துக் காட்டியபோது, கேட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "மனே, இரை எண்டா மிருகத்துக்கு. நாங்க தேடினது சாப்பாடு" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார், ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. இரை, தீன், மேய்ச்சல் ஆகிய மூன்றும் மனிதருக்கு வந்தால் வசையாகிவிடும். 'ஊர் மேய்கிறான்' என்பதை யாரும் பாராட்டாகச் சொல்வதில்லை. மனிதருக்கு உணவு தேடுதல், சேகரித்தல், திரட்டுதல் என்பவையே பொருந்தும்.

விலங்குகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. புல் தின்னும் உயிருக்கு 'மேய்', மற்றோர் உயிரைப் பிடித்துத் தின்பதற்கு 'இரை தேடு' அல்லது 'வேட்டையாடு' என்று பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்போக வேளாண்மை தொடங்கியதும் வயற்பக்கத்திலிருந்து அகற்றப்படும் மாடுகள் மயிலத்தமடு, மாதவணைப் பக்கத்து மேய்ச்சற்றரைகளில் மேய்கின்றன. அவற்றைப் பட்டியில் வைத்துப் பார்ப்பவர் மேய்க்கிறார். மாடு மேய்ந்தது, மனிதர் மேய்த்தார். இந்த ஓரெழுத்து மாறினால் மாட்டுக்காரரே புல் தின்றதாகிவிடும். ஆட்டுக்கு நாம் குழை ஒடித்துப் போடுகிறோம். அது தானே போய்ச் செடியைத் தின்றால் 'குழை கடிக்கிறது' என்கிறோம். யானையோ புல்லை மேயும், மரக்கிளையை ஒடித்தும் தின்னும். ஆதலால் சேனாநாயக்க சமுத்திரம் என்னும் நீர்த்தேக்கக் கரையின் புற்றரையில் நிற்கும் யானைக்கு 'மேய்கிறது' சரியாகும், காட்டினுள் கிளை முறிக்கும் யானைக்கு அது போதாது. கிடுகால் வீடு மேய்வதும், அதாவது கூரை வேய்வதும், இதே ஒலியுடைய சொல்தான். இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டும்.

எழுத்திலும் கவனம் தேவை. இடையின ரகரம் கொண்ட 'இரை' உணவு. தூண்டிலில் குத்துவதும் அதே இரைதான். வல்லின றகரம் இட்டால் 'இறை' கடவுளாகிவிடும். மாணவர் கட்டுரையொன்றில் 'புலி இறை தேடிச் சென்றது' என்று கண்டிருக்கிறேன்.

இனி, சொல்வளம் உண்மையில் மிகுந்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். உயிர் எந்த உறுப்பால், எந்த அசைவால் உணவைத் தேடுகிறது என்று பாருங்கள். வினைச்சொல் தானாகவே கிடைக்கும். கோழி காலால் குப்பையைக் கிளறும். பழைய வழக்கில் சீய்க்கும். பன்றி மூஞ்சியால் நிலத்தைக் கிண்டும். புறா சிந்திய நெல்லைப் பொறுக்கும். வாவியோரத்தில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தால், கரண்டிவாயன் தட்டையான அலகைச் சற்றே திறந்து தண்ணீரில் வைத்து, இடமும் வலமுமாகத் தலையை வீசிக்கொண்டே நடப்பதைக் காணலாம். அதற்குத் 'துழாவுதல்' என்பதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பத்தடி தள்ளி நிற்கும் கொக்கோ துழாவுவதுமில்லை, அலைவதுமில்லை. கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு அசையாமல் நின்று, மீன் அருகே வந்ததும் ஒரே குத்தாகக் குத்தும். 'கொக்கொக்க கூம்பும் பருவத்து மற்றதன் குத்தொக்க சீர்த்த இடத்து' என்ற 490ஆம் குறளில் வள்ளுவர் அந்த இரண்டு அசைவுகளையும் கூம்புதல், குத்து என்ற இரண்டு சொற்களில் வைத்துவிட்டார். கொக்கு 'இரை தேடி அலைந்தது' என்று எழுதுபவர் கொக்கைப் பார்க்காமல் எழுதுகிறார் என்றே நான் கருதுவேன்.

தேடுவதோடு தெரிவு செய்வதும் சேர்ந்திருந்தால் 'தேர்' என்னும் வினை உதவும். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் தும்பி என்னும் வண்டைக் 'கொங்கு தேர் வாழ்க்கை' உடையது என்கிறார். பூந்தாதை ஆராய்ந்து உண்ணும் வாழ்க்கை என்பது அதன் பொருள். இன்று 'தேர்தல்' என்றவுடன் வாக்குச்சீட்டே நினைவுக்கு வருவதால் தனித்து எழுதத் தயங்கலாம். 'இரைதேர்' என்று சேர்த்தெழுதினால் குழப்பம் வராது. 'ஆய்தல்' அதற்கு உறவான சொல். பூ ஆய்வதும் மாங்காய் ஆய்வதும் இலங்கைத் தமிழில் பறித்தலே. கீரை ஆய்வதில் பழுத்த இலையையும் பூச்சி அரித்த இலையையும் நீக்குவதும் அடங்கும். ஆராய்ச்சி, ஆய்வு என்னும் பெரிய சொற்களின் வேர் நம் வீட்டுச் சுளகில்தான் கிடக்கிறது. மனிதர் உணவு திரட்டுவதைப் பற்றி எழுதும்போது இத்தகைய வினைகளையே நாட வேண்டும்: கிழங்கு அகழ்தல், பாலைப்பழம் பறித்தல், மட்டி பொறுக்குதல், தேன் எடுத்தல்.

பொருட்களைத் தேடுவதற்கும் இவற்றுட் சில இடம்பெயர்ந்து வரும். பையைத் துழாவலாம், பெட்டியைக் கிளறலாம், பழைய பத்திரிகைகளைத் துருவலாம். அங்கே இரையும் மேய்ச்சலும் வேண்டியதில்லை. உயிரியல் பாடத்திலோ பல உயிர்களை ஒன்றாகச் சுட்ட வேண்டியிருப்பதால், 'இரைதேடல் நடத்தை' என்ற ஒரே கலைச்சொல்லைத் தொடக்கம் முதல் முடிவு வரை மாற்றாமல் எழுதுவதே நல்லது. அங்கு அழகுக்காகச் சொல்லை மாற்றினால் மாணவர் அதை வேறொரு கருத்தென்று எண்ணக்கூடும்.

எழுதி முடித்தபின், தொடரிலுள்ள உயிரின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு வாசித்துப் பாருங்கள். 'அலகால் நீரைத் துழாவியது', 'குப்பையைக் கிளறியது' என்றிருந்தால் பெயரில்லாமலே பறவை கண்முன் நிற்கும். 'உணவு தேடியது' என்றிருந்தால் எந்த உயிரும் நிற்காது. வாகரைக் குறிப்பையும் அவ்வாறே மறைத்துப் பார்த்துத் திருத்தினேன். 'முன்னோர் காட்டில் கிழங்கு அகழ்ந்தும், பழம் பறித்தும், தேன் எடுத்தும், களப்பில் மீன் பிடித்தும் தமக்கு வேண்டிய உணவைத் திரட்டினர்' என்று அது இப்போது இருக்கிறது.