ஊத் வாசமா, தோல் வாசமா: சிங்கப்பூரில் எதை வாங்குவது?

டாம் ஃபோர்டு 2007இல் வெளியிட்ட டஸ்கன் லெதர், இனிஷியோ 2018இல் வெளியிட்ட ஊத் ஃபார் கிரேட்னஸ் ஆகிய இரண்டு வாசனைத் திரவியங்களும் அழுத்தமானவை, விலையும் கூடியவை. இரண்டிலும் குங்குமப்பூவின் உலர்ந்த காரம் இருப்பதால், கடையில் காகிதப் பட்டையில் முகரும்போது முதல் சில நிமிடங்கள் அவை ஒன்றுக்கொன்று நெருங்கியவையாகவே தோன்றும். அதன் பிறகு முன்னதில் ராஸ்பெரியின் புளிப்பினிப்பும் புதுத்தோலின் முரட்டு வாசமும், பின்னதில் சாதிக்காய், பச்சோலி, ஊத் எனப்படும் அகில்கட்டையின் கனமும் மேலெழும்.

ஆகவே காகிதத்தை நம்பி முடிவெடுக்க வேண்டாம். வலது முழங்கை மடிப்பில் ஒன்றையும் இடது மடிப்பில் மற்றொன்றையும் ஒரேயொரு முறை தெளித்துக்கொண்டு, தேய்க்காமல், கடையைவிட்டு வெளியேறிவிடுங்கள். நமது ஊரின் சோதனை வெளியில்தான் இருக்கிறது. நண்பகல் வெயிலிலும் புழுக்கத்திலும் கால்மணி நேரம் நடந்தால், சூடேறிய சருமத்திலிருந்து வாசம் வேகமாக ஆவியாகிப் பரவும். எம்ஆர்டி ரயில் பெட்டியின் குளிரில் அமர்ந்ததும் அதே வாசம் உடலோடு ஒடுங்கிவிடும். இரண்டு நிலையிலும் முகர்ந்து, வியர்வையோடு கலந்தபின் எது உங்களுக்குத் திகட்டுகிறது என்று கவனியுங்கள். இடையில் மூக்குக்கு ஓய்வு தரக் காப்பிக்கொட்டை தேவையில்லை, வெளிக்காற்றே போதும்.

நேரமிருந்தால் அரபு ஸ்திரீட் பக்கமுள்ள அத்தர் கடைகளில் மதுசாரம் கலவாத ஊத் எண்ணெயையும் ஒரு சொட்டுப் பூசிப் பாருங்கள். அதில் சில வகைகளுக்குரிய மாட்டுத்தொழுவ வாடை உங்களை விரட்டினாலும் கவலை வேண்டாம். இனிஷியோவின் ஊத் அதைவிடத் துப்புரவானது.

என்னைக் கேட்டால், மல்லிகையும் சந்தனமும் சாம்பிராணியும் மணக்கும் திருமண மண்டபத்தில் ஊத் இயல்பாகப் பொருந்திவிடும். தோல் வாசம் அங்கே தனித்து நிற்கும். தினமும் அலுவலகத்துக்கென்றால் டஸ்கன் லெதரையே எடுப்பேன், ஆனால் சட்டைக்குள் ஒரு தெளிப்புக்கு மேல் கூடாது, ஏனெனில் காலை நேர மின்தூக்கியில் பக்கத்தில் நிற்பவருக்கு விலகி நிற்க இடமிருக்காது. எதை வாங்கினாலும் பட்டு வேட்டியிலும் சேலையிலும் நேரடியாகத் தெளிக்காதீர்கள், கறை படியக்கூடும்.